டிக்கிக்கு மாற்றிய கார் பேட்டரி: கிட்டிலும் பொருத்திய முறையிலும் உள்ள குறைகள் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பேட்டரி இடமாற்றக் கிட்டின் கேபிள் ஓடும் காரில் எரிந்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். என்னுடைய 2005ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம் காரின் பேட்டரியை எஞ்சின் அறையிலிருந்து டிக்கிக்கு மாற்றுவதற்காகத் தங்கள் நிறுவனத்தின் கிட்டை ரூ.18,500 கொடுத்து வாங்கி, தங்கள் பட்டறையிலேயே, தங்கள் ஆட்களைக் கொண்டே பொருத்திக்கொண்டேன். பொருத்திய ஏழாவது வாரம், செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கேபிள் காருக்குள்ளேயே எரிந்தது. இதைத் தெரிவித்து நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இரண்டே வரியில் பதில் வந்தது. கிட்டோடு 150 ஆம்பியர் ஃப்யூஸ் தரப்பட்டிருக்கிறது என்பது ஒரு வரி; காரை டிராக்கில் ஓட்டியதால் உத்தரவாதம் செல்லாது என்பது மற்றொரு வரி. இந்த இரண்டையும் நான் ஏற்க இயலாது என்பதால், நடந்ததையும் அதற்கான காரணத்தையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்த மாற்றத்தை ஏன் செய்தேன் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அதை விளக்கி விற்றவர்களே தாங்கள்தான். முன்சக்கர இழுவை உள்ள எஸ்டீமில் எஞ்சின், கியர்பாக்ஸ், பேட்டரி மூன்றும் முன்பக்கமே உட்கார்ந்திருக்கின்றன. 11 கிலோ பேட்டரியை ஏறத்தாழ 3 மீட்டர் பின்னே கொண்டுபோனால், 2,365 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) உள்ள அந்தக் காரில் முன் அச்சின் சுமை சுமார் 14 கிலோ குறைந்து அதே அளவு பின் அச்சில் ஏறும். எடையில் ஒரு கிராமும் குறைக்காமல் கிடைக்கும் இந்தப் பலன் உண்மையானதுதான். வளைவில் காரின் மூக்கு முன்னைவிட எளிதாகத் திரும்பியதை நானே உணர்ந்தேன். எனவே என் புகார் பேட்டரியை இடம் மாற்றும் யோசனையைப் பற்றியது அல்ல. அதைத் தாங்கள் செய்துகொடுத்த விதத்தைப் பற்றியது.

அன்று நடந்தது இதுதான். மூன்றாவது சுற்றில் ரப்பர் கருகும் வாடை வந்தது. முதலில் பிரேக் என்றுதான் நினைத்தேன். அடுத்த வளைவுக்குள் பின் இருக்கைப் பக்கமிருந்து புகை எழுந்ததால் காரை ஓரம் கட்டி, அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பதற்காக டாஷ்போர்டில் தாங்கள் பொருத்திய சிவப்புச் சாவி கில் ஸ்விட்சைத் திருப்பினேன். எஞ்சின் நிற்கவில்லை. புகையும் நிற்கவில்லை. இக்னிஷன் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நின்றது. புகை மட்டும் அதன் போக்கில் வந்துகொண்டே இருந்தது. என்னை இருக்கையோடு கட்டியிருந்த ஹார்னஸைக் கழற்றி இறங்கி, டிக்கியைத் திறந்து, 10 எம்எம் ஸ்பேனரைத் தேடி எடுத்து நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகுதான் அது அடங்கியது. தீயணைப்பானோடு ஓடிவந்த டிராக்கின் பாதுகாப்பு ஊழியரான மார்ஷல் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பின் இருக்கைக்கு அடியில் தரைத் தகடு மடிந்து எழும் விளிம்பில், உரசாமல் காக்கும் ரப்பர் குரோமெட்டோ (காப்பு வளையமோ) ஃப்ளெக்சிபிள் பைப்போ இல்லாமல் வெறுமனே படுத்திருந்த கேபிளின் மேலுறை தேய்ந்து, உள்ளிருக்கும் உலோகம் பாடியைத் தொட்டிருக்கிறது. பெட்ரோல் டாங்க் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் இருக்கிறது என்பதைத் தங்கள் பொறியாளர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

இப்போது தங்கள் முதல் வரிக்கு வருகிறேன். ஃப்யூஸ் தரப்பட்டது உண்மை. அது எங்கே பொருத்தப்பட்டது என்பதுதான் கேள்வி. பேட்டரி டிக்கியில் இருக்க, ஃப்யூஸ் நாலரை மீட்டருக்கு அப்பால் எஞ்சின் அறையில், ஸ்டார்ட்டருக்குப் போகும் வழியில் வைக்கப்பட்டிருக்கிறது. ஃப்யூஸ் தனக்குப் பின்னால் வரும் ஒயரைத்தான் காக்கும், தனக்கு முன்னால் உள்ளதை அல்ல. கேபிள் நடுவழியில் பாடியைத் தொட்டால், மின்னோட்டம் பேட்டரியிலிருந்து புறப்பட்டு அந்த இடத்திலேயே பாடிக்குள் இறங்கி நெகட்டிவுக்குத் திரும்பிவிடும். முன்னால் இருக்கும் ஃப்யூஸை அது எட்டிக்கூடப் பார்க்காது. எரிந்த கேபிளைக் கழற்றியபோது அந்த 150 ஆம்பியர் ஃப்யூஸ் புதிது போலவே இருந்தது. எங்கள் ஊர் விவசாயி எவரும் மீட்டர் பக்கம் இருக்க வேண்டிய மெயின் ஃப்யூஸைக் கொண்டுபோய்க் கிணற்று மோட்டார் பக்கம் மாட்டிவிட்டு, இடையில் ஓடும் முந்நூறு அடி ஒயருக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டேன் என்று சொல்ல மாட்டார். டிக்கி பேட்டரிக்கு ஃப்யூஸ் பாசிட்டிவ் முனையிலிருந்து ஓரடிக்குள், அதிகம் போனால் ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரிந்த பாலபாடம்.

கில் ஸ்விட்சின் கதையும் இதேதான். அதையும் தாங்கள் முன்பக்கமே வைத்ததால், பேட்டரிக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலுள்ள கேபிள் ஸ்விட்சைத் திருப்பிய பிறகும் உயிரோடுதான் இருந்தது. எரிந்ததும் அந்தப் பகுதிதான். எஞ்சின் நிற்காததற்குக் காரணம் வேறு. தாங்கள் தந்தது பேட்டரியை மட்டும் பிரிக்கும் இரண்டு முனை ஸ்விட்ச். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் தயாரித்து இக்னிஷனுக்கு ஊட்டிக்கொண்டிருப்பதால், பேட்டரியைப் பிரித்தாலும் எஞ்சின் தொடர்ந்து ஓடும். அதைத் தடுப்பதற்காகத்தான் இக்னிஷன் இணைப்பையும் சேர்த்துத் துண்டித்து, ஆல்டர்னேட்டரின் மிச்ச மின்னோட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிடும் ஆறு முனை ஸ்விட்ச் பந்தயக் கார்களில் பொருத்தப்படுகிறது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிகளின் பின்னிணைப்பு ஜே, பொது மின்துண்டிப்பான் எல்லா மின்சுற்றுகளையும் துண்டிப்பதோடு எஞ்சினையும் நிறுத்த வேண்டும் என்றும், காருக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்து இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும், வெளியே அதன் இடத்தை வெள்ளை விளிம்பிட்ட நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியிட்டுக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த முக்கோண ஸ்டிக்கரைத் தங்கள் ஆட்கள் முன் கண்ணாடிக்குக் கீழே மிக நேர்த்தியாக ஒட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் இழுப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. நான் மயங்கிக் கிடந்திருந்தால், அந்தக் குறியை நம்பி ஓடிவந்த மார்ஷல் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கேபிள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்துகிறவன் நான். செம்பு எது, அலுமினியம் எது என்று கையில் தூக்கியதுமே சொல்ல வேண்டியவன். தங்கள் பெட்டியின் மேல் 25 ஸ்கொயர் எம்எம் சுத்தச் செம்புக் கேபிள் என்று அச்சிட்டிருந்ததை அப்படியே நம்பிவிட்டேன். எரிந்த துண்டைக் கத்தியால் சுரண்டியபோது உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! ஒரே தடிமனில் செம்பைவிட இதன் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது நாலரை மீட்டர் அசல் செம்புக் கேபிளில் அரை வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவாகவே இறங்க வேண்டும். பேட்டரி பாசிட்டிவுக்கும் ஸ்டார்ட்டர் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து என் காரில் அளந்தபோது 1.2 வோல்ட் இறங்கியது. முதல் வாரத்திலிருந்தே சூடான எஞ்சின் மந்தமாகச் சுற்றுவதைத் தங்கள் பட்டறைக்கு நான் தொலைபேசியில் சொன்னேன். பேட்டரி பழசாகியிருக்கும், மாற்றிப் பாருங்கள் என்றார்கள். மாற்றினேன். புது பேட்டரியோடும் அப்படியேதான் சுற்றியது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடம் மாற்றிய பேட்டரியைக் குறைந்தது 10 மி.மீ. போல்ட்டுகளால், தரைக்கு அடியில் 3 மி.மீ. தடிமனுள்ள பட்டைத் தகடு வைத்து இறுக்க வேண்டும் என்று கூறுவதும் அதே பின்னிணைப்புதான். என் காரில் இருப்பவை 6 மி.மீ. போல்ட்டுகள், அடியில் சாதாரண வாஷர்கள். ஆசிட் பேட்டரிக்கு மூடிய பெட்டி தந்தவர்கள், சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காருக்கு வெளியே போவதற்கான குழாயைத் தரவில்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கக்கூடிய வாயு அது.

டிராக்கில் ஓட்டியதால் உத்தரவாதம் இல்லை என்ற தங்கள் இரண்டாவது வரியைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வியப்பே அதிகமாக வந்தது. தங்கள் பெட்டியிலும் பில்லிலும் ‘டிராக் கிட்’ என்றே அச்சாகியிருக்கிறது. சந்தைக்குப் போய்வர மட்டும் கார் வைத்திருப்பவர் யாரும் முன் அச்சில் 14 கிலோ குறைக்க ரூ.18,500 செலவழிக்க மாட்டார். மேலும், மேலுறை தேய்ந்தது வேகத்தால் அல்ல, தகட்டு விளிம்பில் காப்பில்லாமல் கிடந்ததால். அவிநாசி சாலையில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்கும்போதும் அது நடந்திருக்கலாம்; அப்போது பக்கத்தில் தீயணைப்பானோடு மார்ஷல் நின்றிருக்க மாட்டார்.

நான் கேட்பவை இவை. கிட்டுக்கும் பொருத்துவதற்கும் வாங்கிய ரூ.18,500, எரிந்த தரைவிரிப்பையும் பின்பக்க ஒயரிங்கையும் சரிசெய்ய ஆன ரூ.14,200, தங்கள் பேச்சைக் கேட்டுத் தேவையின்றி வாங்கிய பேட்டரியின் விலை ரூ.4,100 ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். இதைத் தங்களிடமே மறுபடி சரிசெய்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் பணத்தைவிட நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று: இதே கிட்டை வாங்கிய மற்றவர்களின் பட்டியல் தங்கள் பில் புத்தகத்தில் இருக்கிறது. என் கார் தங்கள் பட்டறையில் நின்ற அதே நாளில் இன்னும் இரண்டு கார்களுக்கு இதே வேலை நடந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர்கள் ஒவ்வொருவரையும் தாங்களே அழைத்து, ஃப்யூஸைப் பேட்டரிப் பக்கம் மாற்றும்வரை காரை ஓட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டதை எனக்கு எழுத்தில் உறுதிப்படுத்தவும் வேண்டும். ஒரு காருக்கு அரைமணி நேர வேலை, ஓரடிக் கேபிள், அதன் முனைகளில் மாட்ட இரண்டு லக்கு. அவ்வளவுதான் செலவு.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளின் குறைபாட்டுக்கும் சேவைக் குறைபாட்டுக்கும் சேர்த்து கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். மனு செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும் அவ்வளவு காலம் காத்திருக்கும் எண்ணம் எனக்கில்லை.

பில்லின் நகல், பெட்டியின் புகைப்படம், தங்கள் மின்னஞ்சலின் நகல், ஃப்யூஸும் ஸ்விட்சும் இருந்த இடங்களைக் காட்டும் படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். எரிந்த கேபிளையும், எரியாத ஃப்யூஸையும் அனுப்பவில்லை. அவை என் பட்டறை மேசையில் இருக்கின்றன. தங்கள் பொறியாளர் வேலை நாட்களில் எப்போது வேண்டுமானாலும் நேரில் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்.