குழி தோண்டுகிறவர் மட்டும்தான் குழுவா?

ஆசிரியருக்கு,

பிரிட்டனின் 'டைம் டீம்' என்ற தொல்லியல் தொலைக்காட்சி நிகழ்ச்சி பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படிப்பவர்கள், தொகுப்பாளர் டோனி ராபின்சன் ஓடியோடிக் கேள்வி கேட்டார், தொப்பி போட்ட தொல்லியலாளர் பில் ஹார்டிங் தோண்டினார், அவ்வளவுதான் நிகழ்ச்சி என்று நினைத்துக்கொள்வார்கள். 1994-ல் சேனல் 4-ல் தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் அதை ஓட்டியதில் மற்றவர்களுக்குப் பங்கே இல்லையா?

மூன்றே நாளில் வேலையை முடிக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. அப்படியிருக்க எங்கே தோண்டுவது? முதல் வேலையாக புவி இயற்பியல் நிபுணர் ஜான் கேட்டரின் ஆட்கள், மண்ணின் காந்தத்தன்மை எங்கே மாறுகிறது என்று காட்டும் காந்தமானியோடு வயலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்கள். பழைய பள்ளத்தில் நிரம்பிய மண், சூளையில் வெந்த களிமண் எல்லாம் அதில் தனியாகத் தெரியும். கல்சுவர் இருக்கலாம் என்று தோன்றினால் மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி எங்கே தடை அதிகம் என்று பார்ப்பார்கள். அது கறுப்பு வெள்ளைப் படமாக வரும், பில் அதை நம்பிக் குழி போடுவார், சில நேரம் ஒன்றுமே இருக்காது, அப்புறம் பில்லுக்கும் ஜானுக்கும் நடக்கும் வாக்குவாதம் இருக்கிறதே, அதற்காகவே பார்க்கலாம். நிபுணரின் கணிப்பு தப்பிப்போவதை வெட்டிவிடாமல் காட்டினார்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

நிலத்தின் அமைப்பை ஆராயும் ஸ்டூவர்ட் எய்ன்ஸ்வர்த் தோண்டவே மாட்டார். எல்லோரும் குழியைச் சுற்றி நிற்கும்போது இவர் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு எங்கோ ஒரு மேட்டில் நின்று, பாதை இப்படி ஏன் வளைகிறது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

குழுவின் ஓவியர் விக்டர் ஆம்ப்ரஸை விட்டதுதான் எனக்குக் கோபம். ஹங்கேரியில் பிறந்து, 1956 எழுச்சிக்குப் பிறகு பிரிட்டன் வந்தவர், குழந்தைகள் புத்தக ஓவியத்துக்காக கேட் கிரீனவே பதக்கத்தை இரண்டு முறை வாங்கியவர். கம்பம் நட்ட குழிகள் நாலு கிடைத்தால் போதும், கூரை எவ்வளவு உயரம், வாசல் எந்தப் பக்கம் என்று தொல்லியல்காரர்களைக் கேட்டுக் கேட்டு அங்கேயே வரைவார். படம் என்றால் மழுப்ப முடியாது, சுவரா வேலியா என்று யாராவது ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2012-ல் குழுவின் முக்கியத் தொல்லியலாளர் மிக் ஆஸ்டன் விலகியதும் நிகழ்ச்சியில் தொல்லியல் குறைகிறதே என்ற வருத்தத்தில்தான். சரி, அடுத்த முறை இவர்களைப் பற்றி எழுதும்போது தொகுப்பாளர் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டு, மற்றவர்கள் பெயரையும் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ரசிகர்