தாத்தாவை நான் ஏன் அதட்டுவதில்லை

அன்பு மகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "எண்பது வயசுல தாத்தா ஏன்மா இன்னும் உப்பளத்துப் பக்கம் போய் உக்காருறாங்க, நீ ஏன் விடுற?" என்றாய். நான் விட்டாலும் விடாவிட்டாலும் அவர் போவார், அது வேறு. ஆனால் அவரை அதட்ட எனக்கு வாய் வருவதில்லை. அது ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

உப்பள வேலை உனக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும்போது வெள்ளை வெள்ளையாகக் குவியலைப் பார்த்திருப்பாய், அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று தாத்தா விடிவதற்கு வெகு நேரம் முன்பே கிளம்பிவிடுவார். தை, மாசியில் பாத்தியை மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள். அப்புறம் கிணற்று உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, அது விளைந்ததும் நீளப் பலகையால் வாரிக் கரையேற்ற வேண்டும். உப்பு காலை அறுக்கும், அறுத்த இடத்திலேயே மறுபடி உப்புத் தண்ணீர் படும். அவர் காலில் புண் ஆறி நான் பார்த்ததில்லை. ஐப்பசி பிறந்து மழை விழுந்தால் அந்த வேலையும் கிடையாது. இப்போது மழைக்கால நிவாரணம் என்று அரசாங்கம் 5,000 ரூபாய் தருகிறது. அன்றைக்கு அடுத்த சீசன் கூலியில் முன்பணம் வாங்கித்தான் சாப்பாடு.

1989-ல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் என்று அறிவித்தார்கள். தாத்தாவுக்குப் பேப்பர் படிக்க வராது. டீக்கடையில் யாரோ வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தவர், அன்றைக்கே அந்தக் கடைக்காரரிடம், "அந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று விசாரித்திருக்கிறார். டைப் அடிக்கத் தெரிந்தால் நல்லது என்று அவர் சொல்ல, ப்ளஸ் டூ முடித்த கையோடு என்னை இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார்.

என் அத்தை வீட்டுக்கு வந்து ஒரு சத்தம் போட்டாள் பார்! "பொட்டப் பிள்ளைக்கு எதுக்குல டைப்பு? வயசுக்கு வந்த பிள்ளைய இருட்டுற நேரத்துல ரோட்டுல விடுவியா?" தாத்தா எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளிலிருந்து சாயங்கால வகுப்புக்கு அவரே கூட வந்தார். உள்ளே நான் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று தட்டிக்கொண்டிருப்பேன். அவர் வாசல் திண்ணையில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். அளத்து வேலை முடித்து வந்த மனிதர் வேறு என்ன செய்வார்? மாஸ்டர் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டால், வேட்டியில் உப்புக்கறை இருக்கிறது என்று வரமாட்டார்.

டைப்பில் லோயர், ஹையர் என்று இரண்டு பரீட்சை. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஹையர் படித்தது மழைக்காலத்தில். பீஸ் கட்டுவதற்காகத் தாத்தா கட்டட வேலைக்குக் கையாளாகப் போனார். வாரத்தில் பாதி நாள் மழையில் அந்த வேலையும் நின்றுவிடும். கடைசியில் பரீட்சைக்குப் பணம் கட்டியது ஆச்சியின் கம்மலை அடகு வைத்துத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். பேர் தாத்தாவுக்கு, கம்மல் ஆச்சியுடையது. தாத்தாவும் ஒன்றும் சாது இல்லை. கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டு முற்றத்துக்குப் போய்விடும். ஆனால் படிப்பு விஷயத்தில் என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

சர்வீஸ் கமிஷன் எழுதி டைப்பிஸ்ட் ஆர்டர் வந்தபோது அதை என்னிடமே படிக்கச் சொன்னார். படித்தேன். "சம்பளம் எங்க போட்டிருக்கு?" என்றார். காட்டினேன். "சரி, உன் பேர்ல ஒரு கணக்கு ஆரம்பி. எங்கிட்டத் தராத" என்றார். அந்தக் கணக்கிலிருந்துதான் உன் காலேஜுக்கு முதல் வருஷப் பீஸ் கட்டினேன்.

இதெல்லாம் அவரிடம் நேரில் சொல்லி நன்றி என்றால் எழுந்து போய்விடுவார். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

இப்போது விஷயம் என்னவென்றால், அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்யச் சொல்கிறார் டாக்டர். நான் பேச்செடுத்தால், "எனக்குத் தெரியற வரைக்கும் போதும் பிள்ள" என்கிறார். நீ சொன்னால் கேட்பார். போனில் வேண்டாம், போனில் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். மாசக் கடைசியில் லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல், முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட வேண்டும். இப்போதே வெயிட்டிங் லிஸ்ட் ஓடுகிறது.

அன்புடன்,
அம்மா