விரிசல் விட்ட மவுத்பீஸுக்குப் பசை போதாது, பூண் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கத்ரி கோபால்நாத் கர்நாடக மேடையில் ஆல்டோ சாக்ஸஃபோனுக்கு இடம் பிடித்துக் கொடுத்த பிறகு, இங்கே அதை வாசிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கூடவே வாயில் வைத்து ஊதும் பழைய எபோனைட் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) மவுத்பீஸ்களும் கைமாறி வருகின்றன: மேயர், ஓட்டோ லிங்க், செல்மர் சோலோயிஸ்ட். அவற்றில் பலவற்றுக்கு ஒரே நோய்தான். கருவியின் வளைந்த மேல்குழாயான நெக்கின்மேல் மாட்டும் பின்பகுதியில், அதாவது ஷாங்க்கில், நீளவாக்கில் ஒரு விரிசல். ஒரு சொட்டு சூப்பர் குளூ விடுகிறார்கள், கொஞ்ச நாளில் மறுபடி பிளக்கிறது, ‘இது தேறாது’ என்று பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். தேறும். செய்கிற முறைதான் வேறு.

நெக்கில் ஒட்டியிருக்கும் கார்க், ஷாங்க்கை உள்ளிருந்து எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுகிறது. கார்க் தடிமனாக இருந்தால், அல்லது கிரீஸ் இல்லாமல் காய்ந்திருந்தால், அந்த அழுத்தம் இன்னும் கூடும். சுருதி சேர்க்க மவுத்பீஸை உள்ளே வெளியே நகர்த்தும் ஒவ்வொரு முறையும் எபோனைட் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. பல பத்தாண்டுப் பழைய எபோனைட் நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். பசை விரிசலை மூடுமே தவிர, விரியும் விசையைத் தடுக்காது. உலக்கை பிளக்காமலிருக்க முனையில் பூண் போடுகிறோம் அல்லவா, இங்கே தேவைப்படுவதும் அதுதான்.

முதலில் இருப்பது எபோனைட்தானா என்று பாருங்கள். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் கந்தக வாடை வரும். பிரில்ஹார்ட்டின் வெள்ளை டோனலின், கறுப்பு எபோலின் போன்றவை பிளாஸ்டிக். அவற்றின் ஷாங்க் விரிசல் பிரசித்தம். அசிட்டோன் அவற்றின் பக்கமே போகக்கூடாது. கடையவும் வேண்டாம், எபாக்சி வைத்து வெளியே பூண் மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எபோனைட்டைக் குளிர்ந்த நீரிலும் மெல்லிய சோப்பிலும் மட்டும் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் கறுப்பு நிறம் பச்சையும் பழுப்புமாக மாறும். இன்னும் சூடானால், நாணல் தகடான ரீட் உட்காரும் தட்டைப் பரப்பான டேபிளே வளைந்துவிடும். இந்தக் காரணத்தால்தான் பித்தளை வளையத்தைச் சூடாக்கி மாட்டி இறுக வைக்கும் பட்டறை வழக்கம் இங்கே ஆகாது.

விரிசல் எங்கே முடிகிறது என்று தெரிய, ஷாங்க்கை நனைத்துத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். விரிசலில் மட்டும் ஈரம் கோடாக நிற்கும். அது முடியும் இடத்தில் 0.8 மி.மீ. பிட்டால் ஒரு சிறு துளை. இதைத் தவிர்த்தால் விரிசல் பூணையும் தாண்டி உடல் பகுதிக்குள் ஓடும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை விரிசலில் விட்டு, பல் இடுக்கு நூலால் இழுத்து, ஊறிப்போன கார்க் கிரீஸை எடுக்க வேண்டும். பசை பிடிக்காமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தக் கிரீஸ்தான். நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் போல ஓடும் ரகச் சூப்பர் குளூவை விட்டால் அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே ஹோஸ் கிளாம்பால் மெதுவாக நெருக்கி ஒரு நாள் விட்டுவிடலாம்.

அடுத்தது லேத் வேலை. மவுத்பீஸின் முன்பக்கத்தை லேத்தின் பிடியான சக்கில் பிடிக்கச் சொல்லாதீர்கள், ரீடின் இரு ஓரமும் படியும் மெல்லிய விளிம்புகளான ரெயில்கள் நசுங்கிவிடும். ஆல்டோ மவுத்பீஸின் உள்விட்டம் ஏறத்தாழ 16 மி.மீ.; அதை வெர்னியரில் அளந்து, அதற்கேற்ற மரத்தண்டைக் கடைந்து, அதன்மேல் மாட்டித்தான் சுழற்ற வேண்டும். தண்டு தளராமல் நின்றால் போதும், ஆப்பு மாதிரி இறுகினால் ஒட்டிய விரிசல் திறந்துவிடும். ஷாங்க்கின் சுவர் 3 மி.மீ. அளவுக்கு இருந்தால், பூண் உட்கார, கடைசி 10 முதல் 12 மி.மீ. நீளத்துக்கு அரை மி.மீ. ஆழம் கடையலாம். சுவர் மெல்லியதாக இருந்தால் தொடாமல் மேலேயே மாட்டுவது நல்லது.

பூணுக்கு 0.5 முதல் 1 மி.மீ. சுவருள்ள, இணைப்பில்லாத பித்தளைக் குழாய் ஏற்றது. பத்தரிடம் தகட்டை வளைத்துச் செய்தால் இணைப்பை வெள்ளிப் பொடி வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஈயப் பற்று இந்த விசைக்கு நிற்காது. வெள்ளிப் பூண் அழகுதான், ஆனால் எபோனைட்டின் கந்தகம் பட்டுச் சீக்கிரம் கறுக்கும். பூணின் உள்விட்டம் ஷாங்க்கைவிட 0.1 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். அடித்து ஏற்றுவதற்கு அல்ல, எபாக்சி நிற்பதற்கு அந்த இடம். உள்பக்கத்தை 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலில் துடைத்து, 24 மணி நேரத்தில் இறுகும் எபாக்சி வைத்து மாட்ட வேண்டும். ஐந்து நிமிட ரகம் ஈரத்தில் வலுவிழக்கும். உள்ளே பிதுங்கிய பசையை இறுகும் முன்பே துடைத்துவிட்டால் பிறகு சுரண்ட வேண்டியதில்லை.

இவ்வளவு செய்து கொடுத்ததும், “அப்படியே டேபிளையும் கொஞ்சம் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள்” என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆல்டோவுக்கான செல்மர் எஸ்80 சி ஸ்டாரின் முனைத் திறப்பு, அதாவது ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் உள்ள இடைவெளி, 1.70 மி.மீ.; மேயர் 5 ஏறத்தாழ 1.80. அந்தப் பத்தில் ஒரு மி.மீ. வித்தியாசத்திலேயே இரண்டும் வெவ்வேறாகப் பேசுகின்றன. டேபிளை உப்புத்தாளில் தேய்த்தால் முனைத் திறப்பும் குறையும், ரீடிலிருந்து விலகிச் செல்லும் வளைவின் நீளமும் குறையும். இந்த வளைவை அளக்கும் கண்ணாடி அளவுகோலும் ஃபீலர் கேஜும் இல்லாத இடத்தில் அந்தப் பக்கத்தில் கை வைக்கவே கூடாது. எபோனைட் தூள் மூச்சில் போகக்கூடாததால், எந்தத் தேய்ப்பும் ஈரத்தோடும் முகக்கவசத்தோடும்தான்.

பூண் போட்ட கையோடு நெக்கின் கார்க்கையும் சரிசெய்ய வேண்டும். கிரீஸ் தடவி, லேசாகத் திருகினால் மவுத்பீஸ் கையாலேயே ஏற வேண்டும். இல்லையென்றால் மெல்லிய உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து, கார்க்கைச் சுற்றிச் சமமாகத் தேயுங்கள். தடித்த கார்க்கை அப்படியே விட்டால் பூணுக்கு முன்னால் புதிதாக ஒரு விரிசல் தொடங்கும். வாசித்து முடித்ததும் மவுத்பீஸைக் கழற்றி வையுங்கள்.

பழையது வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விரிசலில் கறுப்பு பாலிஷ் தேய்த்து மறைத்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, ஷாங்க்கை விரல்களுக்கிடையே மெல்ல அழுத்திப் பாருங்கள். நெக்கில் மாட்டும்போது மட்டும் திறக்கும் விரிசலும் உண்டு; அதனால் உங்கள் நெக்கையும் எடுத்துச் சென்று, மாட்டிய நிலையில் ஒருமுறை பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

இப்படிக்கு,
காற்றிசைக் கருவிகள் பழுதுபார்ப்போர்,
சென்னை