‘நிறம் சற்று மாறுபடலாம்’ என்று எழுதினால் போதுமா?

ஆசிரியருக்கு,

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாகப் புடவை விற்கும் சிறு கடைகள் பலவும் ஒரு வரியை மறக்காமல் போடுகின்றன: ‘நிறம் சற்று மாறுபடலாம்.’ அரக்கு என்று பார்த்துப் பணம் கட்டிய புடவை செங்கல் நிறத்தில் வந்து இறங்கினால், இந்த வரியைக் காட்டியே கையை விரித்துவிடுகிறார்கள். விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த நிறக் கோளாறில் பெரும்பகுதியைப் படம் எடுக்கும்போதே தவிர்க்கலாம் என்பதற்காகவே எழுதுகிறோம்.

ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் சேர்ந்து விழுந்தால் புடவையின் ஒரு பாதியில் நீலம் பாயும், மறுபாதியில் பச்சையோ மஞ்சளோ ஏறும். ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் கெடும் என்பதால் எந்தச் செயலியிலும் இது முழுதாகச் சரியாகாது. நேர்வெயில் படாத ஜன்னலோரம், காலை 9 முதல் 11 மணிக்குள், அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு எடுப்பதே வழி. எதிர்ப்பக்கம் இருட்டினால் 3 அடிக்கு 2 அடி வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்றை நிறுத்தலாம். பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவர்கள் தங்கள் சாயலை வெளிர்நிறப் புடவையில் ஏற்றிவிடும். வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு மறைத்தால் தீர்ந்தது.

அடுத்தது, செல்போன் கேட்காமலே செய்யும் உதவி. படம் முழுக்கச் சிவப்பு நிறைந்திருந்தால், வெளிச்சம்தான் சிவந்திருக்கிறது என்று எண்ணி அதைக் குறைத்துவிடும். அரக்கு செங்கல் ஆவது பெரும்பாலும் இப்படித்தான். கேமராக் கடையில் விற்கும் சாம்பல் நிற அட்டையைப் புடவைமேல் வைத்து, புரோ மோடில் (அமைப்புகளை நாமே மாற்றும் கேமரா முறை) வைட் பேலன்ஸை (வெளிச்சத்தின் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) அதற்கேற்ப நிறுத்திக்கொண்டு, பிறகு அட்டையை எடுத்துவிட்டுப் படம் எடுக்க வேண்டும். ஏ4 தாளை வைக்காதீர்கள். அதில் கலந்திருக்கும் வெண்மையூட்டி நீலச் சாயல் தரும், புடவை மஞ்சளடிக்கும். ஏஐ நிற மேம்பாடு, பியூட்டி ஃபில்டர், போர்ட்ரெய்ட் மோடு மூன்றையும் அணைத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னது முந்தானைக் குஞ்சங்களைப் பின்னணி என்று நினைத்து மழுங்கடித்துவிடும். கிட்டே போய் எடுத்தால் நடுப்பகுதி உப்பிக் கரை சிறுத்துத் தெரியும். 7, 8 அடி தள்ளி நின்று 2எக்ஸில் எடுப்பது நல்லது.

எல்லா நிறமும் ஒரே மாதிரி மசியாது. ராணி பிங்க், வாடாமல்லி போன்றவற்றில் நெசவு தெரியாமல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்ச அளவை) கொஞ்சம் குறைத்தால் இழை திரும்பக் கிடைக்கும். மயில்கழுத்து நிறப் புடவையில் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கே ஓடும் நூல்) வேறு நிறம். அதை ஒற்றைப் படத்தில் காட்டவே முடியாது. மடிப்பை மெல்ல அசைத்து 10 விநாடி வீடியோ எடுத்துப் போடுவதுதான் நேர்மை. பொடிக் கட்டம் போட்ட புடவைகளில் துணியில் இல்லாத வளையங்கள் படத்தில் நெளியும். கேமராவின் புள்ளி வரிசையும் துணியின் இழை வரிசையும் மோதுவதால் வருவது இது. ஓரடி முன்னே பின்னே நகர்ந்தால் பெரும்பாலும் போய்விடும்.

சுங்குடிக்குத் தனிக் கவனம் தேவை. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பது. இன்று அந்தப் பெயரில் அச்சடித்த புடவைகளும் ஏராளமாக விற்கின்றன. அச்சு மலிவு, அதை அச்சு என்று சொல்லி விற்பதில் ஒரு தவறும் இல்லை. கை முடிச்சு என்றால் இஸ்திரி போடும் முன்பே ஒரு சாண் பகுதியை அருகில் எடுத்துவைக்க வேண்டும். முடிச்சவிழ்த்த இடம் சிறு மொட்டுப்போல் எழும்பியிருக்கும், ஒரு புள்ளிபோல் இன்னொன்று இராது. இஸ்திரி போட்டபின் அந்தச் சுருக்கம் படிந்துபோய்விடும். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். அச்சு என்றால் பெரும்பாலும் அங்கே வெளிறியிருக்கும்.

விவரக் குறிப்பில் ‘பிரீமியம்’, ‘எலிகன்ட்’ எல்லாம் இடத்தை அடைக்கத்தான் உதவும். வாங்குபவருக்கு வேண்டியது: புடவை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் தனி. அகலம் எத்தனை அங்குலம். பாவும் ஊடையும் எத்தனையாம் நம்பர் நூல் (நூல் எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லும் எண்). எடை எத்தனை கிராம். கரை ஒருபக்கமா இருபக்கமா, எத்தனை அங்குலம். ஜரிகை வெள்ளியிழையா சாதாரணமா. அளவுகளை நெசவாளரிடம் கேட்டு எழுதாமல், டேப் வைத்து அளந்தே எழுதுங்கள். ‘சாஃப்ட் சில்க்’ என்ற பெயரில் பாலியெஸ்டரும் உலவுவதால், நூல் என்ன என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். ஐயம் இருந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பட்டு முடி கருகும் நாற்றம் தரும், பருத்தி காகிதச் சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும். சாயம் இறங்கும் புடவையென்றால் ‘முதல் சலவை தனியாக’ என்று எழுதத் தயங்க வேண்டாம். எழுதாவிட்டால்தான் வேட்டி, சட்டை எல்லாம் சேர்ந்து புகாராக வரும்.

இப்போது புடவையை மாடல் உடுத்தியதுபோல் காட்டும் ஏஐ செயலிகள் வந்திருக்கின்றன. புட்டாவின் (உடலில் நெய்த சிறு பூவேலையின்) உருவத்தையும் கரையின் அகலத்தையும் அவை தாமே கற்பனை செய்து நிரப்பக்கூடும். அந்தப் படத்தை மட்டும் போட்டு விற்பது இல்லாத புடவையை விற்பதற்குச் சமம். அலங்காரத்துக்கு ஒன்று இருக்கலாம். பக்கத்திலேயே முழு முந்தானை, கரை, உடல், ரவிக்கைத் துணி ஆகியவற்றின் உண்மைப் படங்கள் இருக்க வேண்டும்.

பதிவேற்றும் முன் புடவையை வெளிச்சத்தில் வைத்து, இரண்டு வேறு போன்களில் படத்தைத் திறந்து, பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை அமைப்பு இரண்டிலும் அணைந்திருக்கட்டும். அப்படியும் நிறம் ஒத்துவராவிட்டால், ‘நேரில் இதைவிட ஒரு பங்கு கருமை’ என்று படத்துக்குக் கீழேயே எழுதிவிடலாம்.

— கைத்தறிப் புடவை விற்பனையில் உள்ள வாசகர்கள்,
சின்னாளபட்டி