இந்த முறை கன்று அனுப்ப மாட்டேன்

லால்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. புது நிலத்தில் போர் போட்டு நல்ல தண்ணீர் கிடைத்ததைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம். தங்கச்சியின் முட்டிவலி இப்போது தேவலையா?

முதல் வாழை என் தோட்டத்து ரஸ்தாளியாகத்தான் இருக்கவேண்டும், நாற்பது கன்று அனுப்பு என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் மனசு வரவில்லை. அனுப்ப முடியாது மாப்ளே. என் ரஸ்தாளிக்கு வாடல் நோய் வந்துவிட்டது.

நட்டு ஆறு மாதம் வரை கண்பட்டுவிடும் போல நின்ற மரங்கள். முதலில் ஒரு மரத்தில் அடியிலைகளின் ஓரம் மட்டும் மஞ்சளாயிற்று. சாம்பல்சத்துக் குறைவு என்று நினைத்துப் பொட்டாஷ் வைத்தேன். அடுத்த வாரம் இலைகள் காம்போடு மடங்கி, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டினாற்போலத் தொங்கிவிட்டன. குருத்து மட்டும் பச்சையாக நின்றது. தண்டைத் துளைக்கும் கூன்வண்டாக இருக்குமோ என்று தண்டில் ஓட்டையும் பிசினும் தேடினேன். ஒன்றும் இல்லை. தண்டுதான் அடியில் நீளவாக்கில் வெடித்திருந்தது. கடைசியில் தோண்டி எடுத்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டினேன். வெள்ளைவெளேரென்று இருக்கவேண்டிய கிழங்கு முழுக்கச் செம்பழுப்புக் கோடும் புள்ளியும். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே திருச்சிக்குப் பக்கத்தில், தாயனூரில், தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1993-ல் ஆரம்பித்தது. கிழங்குத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஃபுசேரியம் பூஞ்சைதான் என்றார்கள். மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிடுகிறது. ஈர மண்ணிலேயே மரம் தாகத்தில் சாகிறது. நான் பாய்ச்சிய தண்ணீர் ஒரு சொட்டும் மேலே போகவில்லை என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மருந்துக் கடைக்காரர் ஒருவர் இரண்டு டப்பாக்களைத் தலையில் கட்டினார். வாடத் தொடங்கிய மரத்தை எந்த மருந்தாலும் மீட்க முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தி, குழியில் இரண்டு கிலோ சுண்ணாம்பு போட்டேன். அந்தப் பூஞ்சையின் வித்து மண்ணில் பல வருஷம், பத்து இருபது வருஷம்கூட உயிரோடு கிடக்குமாம். ஆய்வகத்தில் வளர்க்கும் திசு வளர்ப்புக் கன்று வாங்கி நடலாமே என்று நீ கேட்பாய். அது சுத்தமான கன்றுதான், ஆனால் நோயைத் தாங்கும் கன்று அல்ல. நோய் மண்ணில் நட்டால் அதுவும் சாகும். அதனால் அந்தப் பக்கம் முழுக்க நெல்லுக்கு விட்டுவிட்டேன். தண்ணீர் கட்டி நெல் போட்டால் மண்ணில் நோய் ஓரளவு அடங்கும் என்கிறார்கள். அப்புறம் பூவன் வைக்கலாம், அது இந்த நோயைத் தாங்கும். ஆனாலும் வீட்டில் ரஸ்தாளி சீப்பு தொங்கும்போது வருமே ஒரு வாசம், அது பூவனில் ஏது?

இந்த நோய் மேலே வாடாத கன்றுக்குள்ளும் ஒளிந்திருக்கும். என் தோட்டத்தில் இப்போது பத்து கன்று பளபளவென்று நிற்கிறது. பார்த்தால் நீயே ஆசைப்படுவாய். அதில் எது நல்லது, எது கெட்டது என்று என்னால் சொல்ல முடியாது. 1998-ல் நீ கிணறு வெட்டியபோது சாக்கில் கட்டி பஸ் கூரையில் ஏற்றி அனுப்பினேனே, அது போல இன்னொரு தடவை செய்தால் உன் மண்ணுக்கு நானே விஷம் வைத்ததாகும். நாம் ஒருவருக்கொருவர் கன்று கொடுத்துத்தானே பழகினோம்? சம்பந்தி வீட்டுக்கு, கோயிலுக்கு, புதுமனைக்கு எல்லாம் கன்றுதான். வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோம். விதை இல்லாத பயிர், தாயின் உடம்பே கன்றாக வருகிறது, அதனால் தாயின் நோயும் கூடவே வருகிறது.

தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கம் குரோ மிஷேல் என்று ஒரே ரகத்தை ஆயிரமாயிரம் ஏக்கரில் வைத்திருந்தார்கள். இதே நோயில் 1960 வாக்கில் ஏற்றுமதித் தோட்டங்கள் அழிந்து, கேவண்டிஷ் என்ற வேறு ரகத்துக்கு மாறினார்கள். நம் ஊர் ஜி-9 வாழை அந்தக் குடும்பம்தான். இப்போது இந்தப் பூஞ்சையிலேயே டிஆர்-4 என்ற புது இனம் அதையும் கொல்கிறது. பீகாரில் கட்டிஹார், பூர்ணியா வரை வந்துவிட்டது. கேவண்டிஷைக் காப்பாற்ற உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது, நல்லதுதான். ரஸ்தாளிக்காக யார் அவ்வளவு பாடுபடப் போகிறார்கள் என்பதே என் கவலை. அது கப்பல் ஏறும் பழம் அல்ல, நாம் தின்னும் பழம்.

உன் புது நிலம் இதுவரை வாழை காணாத நிலம். அதை அப்படியே காப்பாற்று. நம்பகமான இடத்தில் திசு வளர்ப்பு ரஸ்தாளி வாங்கு. கிழங்குக் கன்றே வேண்டுமென்றால், நோய் தலைகாட்டாத தோட்டத்தில் நீயே நின்று பார்த்து எடு, கிழங்கைச் சீவிப் பார், துளி பழுப்பு இருந்தாலும் வேண்டாம். அடுத்தவர் மண்வெட்டியையும் டிராக்டரையும் கழுவாமல் உள்ளே விடாதே. முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

தை மாதம் நீ வருவதாக எழுதியிருந்தாய், கட்டாயம் வா. தோட்டத்தைப் பார்க்காமல் போகமாட்டாய், தெரியும். பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, திரும்பும்போது அதை இங்கேயே விட்டுவிடு. உன் அளவுக்குப் புதுச் செருப்பு வாங்கி வைக்கிறேன். ஒன்பதாம் நம்பர்தானே?

அன்புடன்,
உன் மாப்பிள்ளை