திண்ணைக்கு கிரில்

மாயவரம்,
ஐப்பசி 20

அன்புள்ள சேது,

கடிதம் வந்தது. ரயில் வரும்போதெல்லாம் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று எழுதியிருந்தாயே, வீட்டில் படித்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே நில். மெட்ராஸ் மெட்ரோவில் சுரங்க ஸ்டேஷனுக்கெல்லாம் பிளாட்பார விளிம்பில் கண்ணாடிக் கதவு இருக்கிறதே, நியூயார்க்கில் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறாய்.

போன மாசம் நம் வீட்டுத் திண்ணைக்கு கிரில் போடக் கிளம்பினேன். பட்டறைக்காரர் சொன்ன விலை கட்டுப்படியாகிற விலைதான். கொத்தனார் வந்து திண்ணை விளிம்பைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். பொத்துபொத்தென்று சத்தம். மேலே சுண்ணாம்புக் காரை, உள்ளே வெறும் மண். "கிரில் நிக்கும் சார், திண்ணைதான் நிக்காது" என்றார். மரத்தூண்கள் வேறு விளிம்பை ஒட்டி நிற்கின்றன. கிரில் வந்தால் அக்காவின் சக்கர நாற்காலி உள்ளே திரும்பாது.

உன் ஊர்க் கதையும் இதேதான். 1904-ல் ஓட ஆரம்பித்த ரயில். 472 ஸ்டேஷனையும் ஆராய்ந்து 3000 பக்கத்துக்கு மேல் அறிக்கை எழுதினார்கள், 2022-ல் அது வெளியே வந்தது. கதவுக்குத் தோதானவை 128தானாம். அதற்கே 700 கோடி டாலர்! மிச்சத்தில் சில இடத்தில் தூண் இடிக்கிறது, சக்கர நாற்காலிக்கு வழி இல்லை. சில இடத்தில் பிளாட்பாரம் பாரம் தாங்காது. இன்னும் சில லைனில் வருகிற பெட்டிகள் ஒரே மாதிரி இல்லை, வாசல் நேருக்கு நேர் அமையாது. ராத்திரி முழுக்க ரயில் ஓடுகிற ஊரில் வேலையை எப்போது செய்வது? மெட்ராஸில் 2017-ல் சுரங்கத்தைத் திறந்த அன்றைக்கே கதவும் இருந்தது. ஸ்டேஷன் ஏசி குளிர் சுரங்கத்துக்குள் போய் வீணாகாமல் இருக்கவும் அது வேண்டியிருக்கிறது.

அதற்காகப் பழசு என்றாலே கையை விரிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாரிஸின் முதல் லைன் 1900-ல் வந்தது. அதிலேயே பின்னாளில் அரை உயரக் கதவு வைத்துவிட்டார்கள். ஹாங்காங்கில் ஒரு பயணத்துக்கு அந்த ஊர்க் காசில் 10 சென்ட் கூடுதலாக வாங்கி, பழைய சுரங்க ஸ்டேஷன்களுக்குக் கதவு போட்டார்கள். சில்லறைக் காசு, யாருக்கு வலிக்கும்? 128 முடியும் என்றால் முதலில் அதைச் செய்யட்டுமே. முடியாத 344-ஐ முன்னால் நிறுத்திப் பேசுவது கான்ட்ராக்டர் புத்தி. நாற்பது வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவன், எனக்குத் தெரியாதா!

இப்போது சில ஸ்டேஷன்களில், ரயில் வாசல் வருகிற இடத்தை மட்டும் விட்டு மஞ்சள் தடுப்பு வைத்திருக்கிறார்கள் இல்லையா? உன் ஸ்டேஷனில் இருந்தால் சுவரை விட்டுவிட்டு அதன் பின்னால் நில்.

நாங்களும் கடைசியில் தூணுக்குத் தூண் ஒரு இரும்புக் குழாயைப் பொருத்தினோம். ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. அக்கா அதில் துண்டு உலர்த்துகிறாள்.

கடைமுழுக்கு நெருங்குகிறது. நாலு நாளாக விடாத மழை, காவிரியில் படித்துறை பாதி முழுகிவிட்டது. தை பிறப்பதற்குள் வந்துவிடுவாய்தானே?

உன்,
ராமு