தோட்டத்துப் பழைய மயானத்தை அளந்து, கல்லறை எழுத்துகளைப் பதிவுசெய்யக் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
நுவரெலியா மாவட்டம்.

மதிப்புக்குரிய ஐயா,

எமது தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், காலையில் தொழிலாளர் கூடி வேலை பெறும் பழைய பெரட்டுக்களத்துக்கு மேலே உள்ள மயானம், புதிதாகத் தேயிலை நடும் மீள்நடுகைக்கு எடுக்கப்படும் மலையோடு சேர்த்துத் துப்புரவாக்கப்படவுள்ளதாக அறிகின்றோம். அவ்வேலை தொடங்குமுன் தாங்கள் தலையிட வேண்டுமென, அங்கு அடக்கம் செய்யப்பட்டோரின் வழிவந்தவர்களாகிய நாங்கள் பணிவுடன் வேண்டுகின்றோம்.

கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து வந்து காடு வெட்டிய எம் முன்னோருக்குக் காணி உறுதி எதுவும் இருக்கவில்லை. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நிரூபிக்கச் சொன்னபோது, பாட்டனின் புதைகுழியை அறிந்திருந்தவர்களிடம்கூட அதற்கான கடதாசி இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறி, இன்று நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் வாழும் எம் உறவினர்களும் தம் வேர்களைத் தேடி எம்மிடமே விசாரிக்கின்றனர்.

மயானத்தின் பெரும்பாலான மண்மேடுகள் அமிழ்ந்து மானாப்புல் மூடிவிட்டது. எழுத்துள்ளவை, தொழிலாளரை அழைத்துவந்து மேற்பார்த்த கங்காணிமார் குடும்பங்களின் சில கல்லறைகளே. அவற்றுள் ஒன்றில் ‘திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா’ என்பது தெளிவாக உள்ளது. அதன் கீழிருந்த ஊர்ப்பெயரைப் பாசி தின்றுவிட, ‘பட்டி’ என்ற ஈற்றெழுத்துகள் மட்டும் எஞ்சியுள்ளன. ஒரு குடும்பத்தின் பூர்வீக ஊரை அறிய இதைவிட நேரடியான சான்று எம்மிடம் இல்லை. இந்நாட்டில் மாண்ட ஐரோப்பியரின் கல்லறை வாசகங்கள் 1913ஆம் ஆண்டிலேயே அரசாங்க அச்சகத்தில் நூலாகப் பதிப்பிக்கப்பட்டமையை இங்கு குறிப்பிடாதிருக்க முடியவில்லை.

ஆகவே, அரச நில அளவையாளரைக் கொண்டு மயானத்தின் எல்லையை அளந்து கல் நாட்டவும், கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் கல்லறை எழுத்துகளைப் படம்பிடித்துப் படியெடுக்க எமக்கு அனுமதி வழங்கவும், அப்படிகளில் ஒன்றைச் செயலகத்தில் வைக்கவும் வேண்டுகின்றோம். மாவட்டப் பதிவாளரிடம் உள்ள பழைய இறப்புப் பதிவேடுகளைத் தோட்டத்தின் பெயரைக் கொண்டு பார்வையிடவும் தாங்கள் பரிந்துரைத்து உதவ வேண்டும். இறந்த ஆண்டே தெரியாத நிலையில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விண்ணப்பித்துத் தேடுவது எம்மால் இயலாத காரியம்.

மீள்நடுகையை நாங்கள் எதிர்க்கவில்லை. அதில் வேலைக்கு இறங்கப்போவதும் எம் பிள்ளைகளே. மயானத் துண்டை மட்டும் ஒதுக்கிவிடுமாறு தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, புல் வெட்டத் தொடங்குமுன் ஒருமுறை நேரில் வந்து பார்வையிடுமாறும் வேண்டுகின்றோம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
தோட்டக் குடும்பங்களின் சார்பில் கையொப்பமிடுவோர்